வேர்க்குழாயின் கடைமடை

கம்பம், கூடலூர், உத்தமபாளையம், போடி. இந்த ஊர்களில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவும் இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அதில் இருப்பார்கள். ஒரு நாள் ஜீப்பைத் தவறவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால்தான் இந்தப் பக்கத்துப் பல் மருத்துவர்களின் காதில் அடிக்கடி ஒரு கோரிக்கை விழுகிறது: "ஒரே தடவைல முடிச்சு விட்ருங்க சார், நாளைக்கு மலைக்குப் போகணும்."

கேட்பது ரூட் கெனால் சிகிச்சையை. கிராமத்துப் பேச்சில் 'நரம்பு எடுக்குறது'. ஒரே அமர்வில் முடிக்கலாமா என்பது அந்தப் பல்லைப் பொறுத்தது. எத்தனை அமர்வானாலும், சிகிச்சையின் வெற்றியைத் தீர்மானிக்கும் கட்டம் நோயாளி கவனிக்காத ஒன்று. மருத்துவர் ஒரு சிரிஞ்சை எடுத்துப் பல்லுக்குள் எதையோ பீச்சுவார், பக்கத்தில் உதவியாளர் உறிஞ்சுகுழாயைப் பிடித்திருப்பார், வாயில் பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கும். ஊராட்சி மேல்நிலைத் தொட்டியைச் சுத்தம் செய்த மறுநாள் குழாயில் வருமே, அதே வாடை. தொட்டியில் போடுவது கால்சியம் ஹைப்போகுளோரைட், பல்லில் விடுவது சோடியம் ஹைப்போகுளோரைட். நெருங்கிய உறவுக்காரர்கள். மருத்துவர்கள் சுருக்கமாக 'ஹைப்போ' என்பார்கள்.

சொத்தையை எடுத்தாயிற்று, ஃபைல் என்ற மெல்லிய அரத்தால் உள்ளே சுரண்டியாயிற்று, பிறகு எதற்குக் கழுவ வேண்டும்? 1965-இல் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற மூவர் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் பல்லைத் துளைத்துப் பல்கூழைத் திறந்துவிட்டார்கள். உணவுத் துணுக்குகள் உள்ளே அடைத்துக்கொண்டும் அந்தப் பல்கூழ் அழுகவில்லை, தன்னைத்தானே மூடிக்கொள்ளவும் செய்தது. சாதாரண எலிகளிலோ பல்கூழ் செத்து, வேர்நுனியில் சீழ் கட்டியது. பல்லைக் கெடுப்பது துளை அல்ல, துளை வழியாக நுழையும் நுண்ணுயிர் என்று அந்தச் சோதனை நிறுவியது. ஆகவே ரூட் கெனால் என்பது அடிப்படையில் கிருமி நீக்கும் வேலை.

அந்தக் கிருமியை ஃபைலால் மட்டும் எட்ட முடியாது. படத்தில் வரைவதுபோல வேர்க்குழாய் நேரான உருளை அல்ல. கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு குழாய்கள் இருக்கும். நடுவில் அவற்றை இணைக்கும் தட்டையான சந்துகள், பக்கவாட்டுக் கிளைகள். சுவரிலோ ஒன்றிரண்டு மைக்ரான் அகலத்தில் ஆயிரக்கணக்கான நுண்குழல்கள். ஓவ் பீட்டர்ஸ் குழுவினர் 2001-இல் மேல் கடைவாய்ப் பற்களை மைக்ரோ சி.டி.யில் படம்பிடித்துப் பார்த்தபோது, எந்த ஃபைலைப் பயன்படுத்தினாலும் குழாய்ச் சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது தொடவே இல்லை என்று தெரிந்தது. இரும்பு போகாத இடத்துக்குத் திரவம்தான் போக வேண்டும்.

அந்தத் திரவம் ஏன் ஹைப்போ? முதல் உலகப் போரில் அழுகிய காயங்களைக் கழுவ ஹென்றி டேக்கின் 0.5 சதவீதக் கரைசலைப் பயன்படுத்தினார். போர் முடிந்த கையோடு அது பல் மருத்துவத்துக்கும் வந்தது. நுண்ணுயிரைக் கொல்லும் திரவங்கள் பல உண்டு. செத்த திசுவைக் கரைக்கவும் செய்வது ஹைப்போ. சென்னையைச் சேர்ந்த கந்தசாமி, வெங்கடேஷ்பாபு இருவரும் 2010-இல் இந்தியப் பல் மருத்துவ இதழ் ஒன்றில் வேர்க்குழாய்க் கழுவுதிரவங்கள் எல்லாவற்றையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரை உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. அதிலும் ஹைப்போவுக்குத்தான் முதலிடம்.

ஆனால் ஹைப்போவுக்குச் செத்த திசு, உயிருள்ள திசு என்ற பேதம் தெரியாது. அதன் காரத்தன்மை பி.எச். 11, 12 வரை போகும். வேர்நுனியைத் தாண்டி எலும்புக்குள்ளோ கன்னத் திசுவுக்குள்ளோ போய்விட்டால் அங்கேயும் கரைக்கத் தொடங்கிவிடும். மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தும் நோயாளி துள்ளி எழுவார். நிமிடங்களில் கன்னம் வீங்கும், குழாய்க்குள்ளிருந்து ரத்தம் கசியும். கண்ணைச் சுற்றியும் வாய்க்கோடியிலும் கன்றிப்போய் நீலம் பாரிக்கும். மேல் பல்லாக இருந்து திரவம் சைனஸ் அறைக்குள் போனால் தொண்டையில் குளோரின் சுவை தெரியும். பல் ஓரிடத்தில் இருக்க, நீலம் கண்ணோரத்தில் தோன்றுவது ஏன்? திரவம் முகத்துச் சிரைகளுக்குள் நுழைந்து அவற்றின் வழியே பரவுவதுதான் காரணம் என்று ஒரு விளக்கம் உண்டு. சிரைகளில் அழுத்தம் மிகக் குறைவு, அதனால் நுழைவது எளிது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். அரிதாக நரம்பு பாதிக்கப்பட்டு உணர்ச்சிக் குறைவு தங்கிவிடுவதும் உண்டு.

இப்படி ஆகும்போது 'மருந்து ஒத்துக்கல' என்று சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. உண்மையான ஒவ்வாமை மிக அரிது. மற்றதெல்லாம் அளவுப் பிழை. நீளம் தவறியிருக்கும், அழுத்தம் மீறியிருக்கும், சில சமயம் சிரிஞ்சே மாறியிருக்கும்.

நீளத்திலிருந்து தொடங்குவோம். வேர்க்குழாய் அதன் நுனிக்குச் சற்று முன்னால் குறுகி, பிறகு விரிந்து வெளியே திறக்கும். அந்தக் குறுகல்தான் எல்லைக்கோடு. 1955-இல் கட்லர் என்பவர் வேர்நுனிகளை நுண்ணோக்கியில் அளந்தார். குறுகலுக்கும் திறப்புக்கும் இடையே இளையோரிடம் சுமார் அரை மில்லிமீட்டர் இருந்தது, மூத்தவர்களிடம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அந்தத் திறப்பு பல நேரம் வேரின் உச்சியில் இருப்பதில்லை, பக்கவாட்டில் திறக்கிறது.

எக்ஸ்ரேவின் பலவீனம் இங்கேதான். அது நிழற்படம். வேர் கன்னத்தை நோக்கியோ நாக்கை நோக்கியோ வளைந்திருந்தால் நிழலில் அது தெரியாது. படத்தில் ஃபைலின் முனை வேர்நுனியோடு சரியாக நிற்பதுபோல இருக்கும்போது, உண்மையில் அது பக்கத்துத் திறப்பு வழியாக வெளியே தலைநீட்டியிருக்கலாம். கதிர் விழும் கோணம் மாறினால் பல் நீண்டும் தெரியும், குட்டையாகவும் தெரியும். மேல் கடைவாய்ப் பல்லில் கன்ன எலும்பின் நிழல் வேறு வந்து விழும்.

இதற்கு மாற்று ஜப்பானிலிருந்து வந்தது. 1942-இல் சுசுகி, நாய்களின் பற்களில் மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்தபோது, வேர்நுனித் திசுவுக்கும் வாயின் மென்தோலுக்கும் இடையேயான மின்தடை ஏறக்குறைய மாறாமல் இருப்பதைக் கவனித்தார். 1962-இல் சுனாடா அதை மனிதர்களில் அளந்தார். சுமார் 6.5 கிலோ ஓம். எந்தப் பல்லானாலும், எந்த வயதானாலும் அதையொட்டித்தான். அப்படியென்றால் ஃபைலில் ஒரு கம்பியையும் உதட்டில் ஒரு கொக்கியையும் மாட்டி, அந்த எண் வரும் இடம்தான் நுனி என்று சொல்லிவிடலாம். அபெக்ஸ் லொகேட்டர் பிறந்தது இப்படித்தான்.

தொடக்கத்தில் அது சரியாக வேலை செய்யவில்லை. குழாய்க்குள் ஹைப்போவோ ரத்தமோ சீழோ இருந்தால், அவை மின்சாரத்தைக் கடத்துவதால் கருவி குழம்பியது. குழாயை உலர்த்திவிட்டு அளக்க வேண்டியிருந்தது. அளப்பதே கழுவுவதற்காக, கழுவினாலோ அளக்க முடியாது! 1994-இல் கோபயாஷியும் சூடாவும் ஒரு வழி கண்டார்கள். 0.4 கிலோ ஹெர்ட்ஸ், 8 கிலோ ஹெர்ட்ஸ் என இரண்டு அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்தார்கள். திரவம் இரண்டு அளவுகளையுமே மாற்றும், ஆனால் வகுத்து வரும் விகிதத்தை அவ்வளவாக மாற்றாது. இன்று சின்னமனூரில் ஒரு சிறிய கிளினிக்கில் இருக்கும் கருவியும் பெரும்பாலும் இந்தத் தத்துவத்தின் வழித்தோன்றல்தான்.

ஆனால் அதன் திரையை எப்படிப் படிப்பது என்பதில் ஒரு பொறி உண்டு. திரையில் 0.5 என்று காட்டினால் 'இன்னும் அரை மில்லிமீட்டர் இருக்கிறது' என்று எடுத்துக்கொள்வது இயல்பு. அது மில்லிமீட்டரே அல்ல. விகிதத்தை வைத்துப் போட்ட குறியீடு. நம்பத்தக்க இடம் ஒன்றுதான்: ஃபைல் நுனித் திறப்பைத் தொட்டதாகக் கருவி காட்டும் கணம். அங்கிருந்து அளவுகோலை வைத்து அரை மில்லிமீட்டர் கழித்துக்கொள்ள வேண்டும். ஃபைல் உலோகக் கேப்பையோ பழைய வெள்ளி அடைப்பையோ தொட்டாலும், சொத்தை வழியே எச்சில் உள்ளே கசிந்தாலும் கருவி அவசரப்பட்டு 'வந்தாச்சு' என்று கூவிவிடும்.

இத்தனை மின்னணு நுட்பமும் கடைசியில் போய் நிற்பது ஃபைலில் செருகிய ஒரு சின்ன ரப்பர் வளையத்தில். மருத்துவர் வளையத்தைப் பல்லின் ஒரு முனையோடு பொருத்தி, ஃபைலை வெளியே எடுத்து எஃகு அளவுகோலில் வைத்துப் பார்க்கிறார். வளையம் சாய்வாக நின்றால் போச்சு. அளவுகோலைச் சரிவாகப் பார்த்தாலும் போச்சு. அளந்த பிறகு அந்தப் பல்முனை உடைந்து தேய்ந்தாலும் கணக்கு மாறிவிடும். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கருவியின் துல்லியத்தை ஒரு ரப்பர் துண்டு தின்றுவிடும். நீளம் தெரியாமல் சிரிஞ்சைத் தொடக்கூடாது என்பது இதனால்தான். ஊசியையும் அதே வளையத்தோடு அளந்து, நுனிக்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்த வேண்டும்.

ஊசியிலும் எண் குழப்பம் உண்டு. ஃபைலின் எண் கூடினால் அது தடிமனாகும். எண் 30 என்றால் முனை 0.30 மி.மீ. ஊசியின் கேஜ் எண் கூடினால் அது மெலியும். 30 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் சுமார் 0.31 மி.மீ. எனவே குழாயின் நுனிப்பகுதியை 30-க்கும் மேலாகப் பெரிதாக்கினால்தான் அந்த ஊசி உள்ளே தளர்வாக அசையும், திரும்பி வரும் திரவத்துக்கும் வழி இருக்கும். தளர்வு இல்லாமல் ஊசி இறுகிவிட்டால், போன திரவம் திரும்ப முடியாது. வெளியேற மிச்சமிருப்பது வேர்நுனி ஒன்றுதான். விபத்துகளில் அடிக்கடி நடப்பது இதுதான்.

கட்டைவிரலின் அழுத்தத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 20 மி.லி. சிரிஞ்சின் உட்குழல் விட்டம் சுமார் 19 மி.மீ., 3 மி.லி. சிரிஞ்சுக்குச் சுமார் 9 மி.மீ. அதே விரல் அதே பலத்தோடு அழுத்தினால் சின்ன சிரிஞ்சில் நாலைந்து மடங்கு அழுத்தம் எழும். எந்த சிரிஞ்சு என்று பார்க்காமல் 'மெதுவா அழுத்துங்க' என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் பயனில்லை. நிமிடத்துக்கு நான்கு மி.லி.க்கு மேல் போகாமல், ஊசியை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே, கட்டைவிரலுக்குப் பதில் ஆள்காட்டி விரலால் தள்ளுவது பாதுகாப்பு. முனை மூடி, பக்கவாட்டில் துளையுள்ள ஊசியில் திரவம் நேராக நுனியை நோக்கிப் பாயாது. அது விலை அதிகம் என்று சாதாரண ஊசியையே பயன்படுத்துகிறவர்கள் உண்டு. இந்தச் சிக்கனத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆனால் பயந்து பயந்து மேலாகவே பீச்சிவிட்டு நிறுத்தினாலும் வேலை நடக்காது. வேர்நுனி ஏறக்குறைய மூடிய பக்கம். அங்கே காற்றுக் குமிழி சிக்கிக்கொண்டு திரவத்தை உள்ளே விடாது. இதை நம் கம்பம் பள்ளத்தாக்கில் விளக்க வேண்டியதே இல்லை. ஜூன் மாதம் பெரியாற்றுத் தண்ணீரைத் திறந்தாலும், லோயர்கேம்ப் பக்கம் வயல் நிறைந்து, பழனிசெட்டிபட்டிப் பக்கம் கடைமடை காய்ந்து கிடக்கும் வருஷங்களை விவசாயிகள் பார்த்திருக்கிறார்கள். தலைமதகை இன்னும் தூக்கினால் கடைமடைக்கு வந்துவிடாது, நடுவில் கரைதான் உடையும். பல்லிலும் அதே கதை. நுனியில் திரவம் புதுப்பிக்கப்பட வேண்டுமானால் ஊசியின் முனை அதற்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பக்கத்தில் போக வேண்டும். ஊசியின் முனையைத் தாண்டி ஓட்டம் அவ்வளவு தூரம்தான் எட்டும் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. எனவே ஒரே மில்லிமீட்டரில்தான் கழுவுதலும் காயமும் அடுத்தடுத்து நிற்கின்றன. அழுத்தத்தைக் கூட்டாமலே நுனியை எட்ட வேறு வழிகளும் உண்டு: அல்ட்ராசவுண்டால் திரவத்தை அதிர வைப்பது, குழாயை அடைக்கப் பயன்படும் குட்டா பெர்ச்சா குச்சியில் நன்கு பொருந்தும் ஒன்றை உள்ளே மேலும் கீழும் ஆட்டுவது, நுனியில் மெல்லிய குழாயை வைத்து உறிஞ்சி, மேலிருந்து புதுத் திரவத்தை வரவழைப்பது. குச்சியை ஆட்டுவதற்குச் செலவே கிடையாது, கம்பத்துக் கிளினிக்கிலும் நாளையிலிருந்தே செய்யலாம்.

இனி அந்தத் திரவத்தின் வீரியம். 3 சதவீதம், 5 சதவீதம் என்று பாட்டிலில் அச்சிட்டிருப்பது ஆலையை விட்டு வந்த நாளின் எண். வெயிலில், வெளிச்சத்தில், மூடியைத் திறந்து திறந்து வைத்தால் ஹைப்போ தானாகவே சிதைந்து உப்பாக மாறும். உலோகத் தூசு பட்டாலும் வேகம் கூடும். அடர்த்தி அதிகமானது சீக்கிரம் சிதையும். தேனியின் சித்திரை வெயிலில் ஜன்னலோரம் நின்ற பாட்டிலில் 5 சதவீதம் என்று எழுதியிருந்தாலும் உள்ளே எவ்வளவு மிச்சம் என்பது மருத்துவருக்கே தெரியாது. அளப்பது கஷ்டமே இல்லை. பொட்டாசியம் அயோடைடு சேர்த்து, விடுபடும் அயோடினை தயோசல்பேட்டால் டைட்ரேஷன் செய்தால் போதும். இந்தப் பள்ளத்தாக்கின் எந்தக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலும் ஒரு மணி நேர வேலை. இருந்தும் பெரும்பாலான கிளினிக்குகளில் யாரும் அளப்பதில்லை. கருப்புப் பாட்டில், குளிர்ச்சியான அலமாரி, திறந்த தேதியை மேலே எழுதி வைப்பது: இதில் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

எவ்வளவு சதவீதம் நல்லது? 5 சதவீதம் திசுவை வேகமாகக் கரைக்கும், தப்பிவிட்டால் சேதமும் அதிகம். 1985-இல் ஸ்வீடனில் பைஸ்ட்ரோம், சுன்ட்க்விஸ்ட் செய்த ஆய்வில் கிருமியைக் கொல்வதில் 0.5, 5 சதவீதங்களுக்கிடையே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ரோத்தக் பல் மருத்துவக் கல்லூரியில் 1 சதவீதத்தையும் 5 சதவீதத்தையும் கீழ்க் கடைவாய்ப் பற்களில் ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஆய்விலும், ஓராண்டுக்குப் பின் குணமானவர்களின் எண்ணிக்கையில் புள்ளியியல் ரீதியாக வேறுபாடு இல்லை. புதுத் திரவத்தை மறுபடி மறுபடி விடுவதுதான் முக்கியம். உள்ளே போன குளோரின் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, வெறும் சலைனால் கழுவிவிடலாமே என்று தோன்றலாம். அப்படியே செய்கிறவர்களும் இருக்கிறார்கள். சலைனுக்குக் கொல்லும் சக்தி கிடையாது. இ.டி.டி.ஏ., குளோர்ஹெக்சிடின் என்ற மற்றக் கழுவுதிரவங்கள் ஹைப்போவோடு கலக்காமல் இருக்க நடுவில் ஒரு முறை அலசுவதற்குத்தான் அது உதவும். பாதுகாப்பு என்று வந்தாலும் சலைனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சான்றிதழ் கொடுக்க முடியாது. தமிழ்நாட்டில் பல் சிகிச்சை தொடர்பாக அண்மையில் நடந்த மிகக் கொடிய சம்பவத்தில் ஹைப்போவுக்குப் பங்கே இல்லை.

வேலூர் சி.எம்.சி., சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், தமிழகப் பொது சுகாதாரத் துறை ஆகியவை சேர்ந்து நடத்திய விசாரணை 2025-இல் லான்செட் குடும்ப இதழ் ஒன்றில் வெளியானது. 2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை, திருப்பத்தூர் மாவட்டத்தை மையமாகக் கொண்டு 21 பேருக்கு மெலியாய்டோசிஸ் நோய் மூளையைத் தாக்கியிருந்தது. அவர்களில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்குக்குப் போனவர்கள். அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்துவிட்டார்கள். கிளினிக்கில் பயன்பாட்டிலிருந்த சலைன் பாட்டிலில் அதே நுண்ணுயிர் கிடைத்தது. கிருமி நீக்காத கருவியால் பாட்டிலைத் திறந்து, அரைகுறையாக மூடி, அடுத்தடுத்த நோயாளிகளுக்கு அதிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். பர்க்ஹோல்டேரியா சூடோமலை என்ற அந்த பாக்டீரியா ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. நெல் வயலைச் சுற்றியுள்ள ஊர்களின் கிளினிக்குகள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். நீளத்தையும் அழுத்தத்தையும் ஒரு மருத்துவர் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், திறந்த பாட்டிலை நாளெல்லாம் பயன்படுத்தினால் அந்தத் துல்லியத்துக்குப் பொருளே இல்லை.

சிரிஞ்சு மாறிப்போவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹைப்போ நிறமற்றது, மரப்பு மருந்தும் நிறமற்றது. ஒரே தட்டில், ஒரே மாதிரி சிரிஞ்சில் இரண்டும் இருந்து, மரப்பு மருந்தென்று ஹைப்போவை ஊசியில் ஏற்றிய சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. ஹைப்போவைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதும் இதே ரகம். சிரிஞ்சில் ஒரு நிற ஸ்டிக்கர் ஒட்ட எவ்வளவு செலவாகும்?

நீங்கள் அந்த நாற்காலியில் சாய்ந்திருக்கும்போது இவற்றில் எதையும் உங்களால் அளக்க முடியாது. சில விஷயங்களைக் கேட்கலாம். பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டுவீர்களா என்று கேளுங்கள். ரப்பர் டேம் என்பார்கள், 1864-லிருந்து இருக்கிறது. திரவம் தொண்டைக்குப் போகாது, எச்சில் பல்லுக்குள் வராது. நீளத்தை லொகேட்டரிலும் எக்ஸ்ரேயிலும் பார்த்தீர்களா என்று கேளுங்கள். சலைன் பாட்டில் இன்றைக்குத் திறந்ததா என்றும் கேளுங்கள். நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார். கழுவும்போது திடீரென்று சுரீரென்ற வலி வந்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள், உடனே கையைத் தூக்குங்கள். வீடு போய்ச் சேர்ந்த பிறகு வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அன்றிரவே போய்விடுங்கள். ஜீப்பில் நாளை மறுநாள் ஏறிக்கொள்ளலாம்.